ஆயா சோபியா பின்னால் வந்த கதை

கொட்டாம்பாறைத் தேங்காய்ச் சந்தையில் முதலில் ஒரே ஒரு சங்கம்தான் இருந்தது. பெயர், ‘சுமை ஏற்றி இறக்குவோர் சங்கம்’. ஒரு வேலைநிறுத்தத்தில் போலீசார் தடியெடுத்தபோது ஆட்கள் எல்லாரும் தப்பித்துக்கொண்டார்கள். பெயர்ப்பலகைக்கு மட்டும் ஓடத் தெரியவில்லை. நின்று அடி வாங்கி இரண்டாக உடைந்தது.

‘சுமை ஏற்றி’ என்ற பாதியைக் கொம்பையா தூக்கிக்கொண்டு கிழக்கே ஓடினார். ‘இறக்குவோர் சங்கம்’ என்ற பாதியைப் பிச்சாண்டி தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினார். இதில் கொம்பையாவை ஒரு விதத்தில் பாராட்ட வேண்டும். ‘எதிரிக்கு முதுகு காட்டமாட்டோம்’ என்று காலையில்தான் மேடையில் பேசியிருந்தார். அதனால் போலீசைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓடினார். ஒரு மாட்டுவண்டி, ஒரு கிணற்றடி, ஒரு கல்யாணப் பந்தல் எல்லாவற்றிலும் மோதினார். ஆனாலும் முதுகைக் காட்டவில்லை.

ஆளுக்கொரு பலகை கையில் இருக்கும்போது ஒரே சங்கமாக இருப்பது எப்படி? அன்று முதல் கொம்பையாவின் ஆட்கள் மூட்டையை ஏற்றுவார்கள், இறக்கமாட்டார்கள். பிச்சாண்டியின் ஆட்கள் இறக்குவார்கள், ஏற்றமாட்டார்கள். ஒருவன் தலையில் மூட்டையோடு மண்டி வாசலுக்கு வந்துவிட்டு, இறக்குகிறவன் டீக்கடையிலிருந்து வரும்வரை அப்படியே நிற்பான். மண்டி முதலாளிகள் மனம் குளிர்ந்தார்கள். நிற்கிற நேரத்துக்குக் கூலி கிடையாது அல்லவா?

‘தொழிலாளி இரண்டாய்ப் பிரிந்தால் முதலாளி ஒன்றாய்ச் சிரிப்பான்’ என்று எங்கள் கட்சிக் கிளையிலிருந்து அப்போதே ஒரு நோட்டீசு போட்டோம். நல்ல நோட்டீசு. இரண்டு சங்கமும் அதை விரும்பிக் கேட்டு வாங்கி, ஆளுக்குப் பாதியாகக் கிழித்துப் பங்கு வைத்துக்கொண்டன.

இப்படி இருக்கையில், துருக்கி நாட்டு இஸ்தான்புல் நகரத்துச் சுமைக்காரர்கள் உலகத்துச் சுமைக்காரர்களை எல்லாம் ஒரு மாநாட்டுக்கு அழைத்தார்கள். போகவர ஆகும் செலவு அவர்களுடையது. அழைப்பிதழைக் கொண்டுவந்த தபால்காரர் இரண்டு பலகையையும் படித்துப் பார்த்தார். ‘சுமை’ என்ற சொல் கொம்பையாவின் பலகையில்தான் இருந்தது. அவரிடமே கொடுத்துவிட்டார்.

பிச்சாண்டிக்கு வயிறு எரிந்தது. சந்தைக்கு நடுவில் பெரிய தராசின் பக்கத்தில் நின்று சத்தம் போட்டார்.

“துருக்கியாம்ல துருக்கி! திருச்சிக்கு டிக்கெட் எடுக்கத் தெரியுமா இவனுவளுக்கு? கொடைக்கானல்ல நாலு நாள் போர்த்திப் படுத்துட்டு வந்து, துருக்கியில ரொம்பக் குளிருன்னு சொல்லப் போறானுவ. பாத்துக்கிடுங்க!”

கொம்பையாவின் கை மீசைக்குப் போனது.

அந்த மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் கடாக் கொம்பு மாதிரி சுருண்டு மேலே போகும். தடியடி நாளில் ஒரு இன்ஸ்பெக்டர், “உன் மீசையை எடுக்கிறேனா இல்லையா பார்” என்று சவால் விட்டார். அந்த இன்ஸ்பெக்டர் பதவி உயர்வு பெற்று, ஓய்வு பெற்று, பல்லும் இழந்துவிட்டார். மீசை இன்னும் பணியில் இருக்கிறது. சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லை, கொடிக்கம்பம் இல்லை. சொத்து என்று சொல்ல அந்த மீசை ஒன்றுதான்.

“ஏய் பிச்சாண்டி!” என்றார் கொம்பையா. “துருக்கியில நாங்க நின்னதுக்குப் படத்தோட அத்தாட்சி கொண்டாரேன். கொண்டாரலேன்னா, இதே சந்தையில, இதே தராசு முன்னால என் மீசையை எடுத்துடுதேன்!”

பிச்சாண்டி உடனே சலூன்காரர் அருணாசலத்தைத் தேடி, அவர் காதில், “கத்தியைத் தீட்டி வையும்” என்றார்.

கொம்பையாவோடு போகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் சங்கச் செயலாளர் ஆவுடைநாயகம். தீர்மானம் போடாமல் டீகூடக் குடிக்கமாட்டார். மற்றவன் இருளப்பன். இரண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்குவான். ஒரு யோசனையைத் தனியாகத் தூக்க மட்டும் சிரமப்படுவான்.

கொம்பையாவின் மகள் செண்பகவடிவு சந்தை முக்கில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். அப்பாவின் மீசை அவளுக்கும் மானப் பிரச்சினை. கடையிலேயே நல்ல போனாக ஒன்றை எடுத்துக் கொடுத்து, மூன்று பேரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள்.

“அப்பா, கையை நல்லா நீட்டிப் பிடிக்கணும். திரையில உங்க மூஞ்சி தெரியும். மூணு பேரும் சேந்து நில்லுங்க. எந்தக் கட்டடமா இருந்தாலும் சரி, அது உங்க பின்னாடி முழுசா வரணும். வந்துட்டுதான்னு பாத்துட்டு, இந்தப் பொத்தானை அமுக்குங்க.”

“கட்டடம் பின்னாடி வரணும்” என்று ஆவுடைநாயகம் மனப்பாடம் செய்துகொண்டார்.

“என்னென்ன எடுக்கணும் தாயி?” என்றார் கொம்பையா.

“பாம்புத் தூண் படம் எடுக்கணும். நீல மசூதி இருக்கு. எதை விட்டாலும் ஆயா சோபியாவை மட்டும் விட்டுடாதீங்க. துருக்கிக்குப் போயி ஆயா சோபியாவைப் பாக்காம வந்தா ஒருத்தனும் நம்பமாட்டான்.”

“எந்தப் பள்ளிக்கூடத்து ஆயா?” என்று இருளப்பன் கேட்டான். அது ஒரு பழங்காலக் கட்டடத்தின் பெயர் என்று சொல்வதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட, அவள் எழுந்து போய்விட்டாள்.

விமான நிலையத்தில் பெட்டிகளை ஓடுகிற பெல்ட்டில் வைக்கச் சொன்னார்கள். ஏற்றுகிற வேலையை இயந்திரம் செய்வதை எதிர்த்து மூன்று பேரும் அங்கேயே கோஷம் போட்டார்கள். ஒரு அதிகாரி வந்து, “பெட்டியை நீங்களே தூக்கி அதன்மேல் வைக்கலாம், ஐயா” என்று பணிவாகச் சொன்னார். கோரிக்கை ஏற்கப்பட்டதாக அறிவித்துவிட்டு, அவர்களே ஏற்றினார்கள்.

இஸ்தான்புல்லில் இறங்கியதும் வேறு சிக்கல் வந்தது. அங்கே ஒரு பெல்ட் பெட்டிகளை ஏந்திக்கொண்டு வட்டமாகச் சுற்றியது. அவர்கள் பெட்டி வந்தது, போனது, மறுபடியும் வந்தது.

“எடுக்கவா அண்ணாச்சி?” என்றான் இருளப்பன்.

“எடுத்துக் கீழ வச்சா அதுக்குப் பேர் என்னலே?”

“இறக்கது.”

“அது யாரு வேலை?”

“பிச்சாண்டி ஆளுக வேலை.”

“அவனுக்கு நாம துரோகம் பண்ணலாம். தொழிலுக்குப் பண்ணக்கூடாது” என்றார் கொம்பையா.

மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். விளக்கில் பாதியை அணைத்துவிட்டார்கள். பெட்டி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் தரை துடைக்க வந்த பெண் ஒருத்தி, இவர்கள் கைகால் விளங்காதவர்கள் என்று நினைத்து இரக்கப்பட்டு, பெட்டியை இறக்கி வைத்தாள். உலகத் தொழிலாளர் ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டு என்று ஆவுடைநாயகம் அவளுக்கு ஒரு நன்றித் தீர்மானம் வாசித்தார்.

மாநாடு நன்றாகவே நடந்தது. கொம்பையா தமிழில் பேசினார். யாருக்கும் ஒரு சொல்லும் புரியவில்லை, ஆகவே எதிர்ப்பில்லாமல் கைதட்டினார்கள். மறுநாள், அழைத்தவர்கள் இவர்களைப் பழைய நகரத்துப் பெரிய சதுக்கத்தில் கொண்டுபோய் விட்டு, “எல்லாம் இங்கேயே சுற்றிச் சுற்றி இருக்கிறது, பாருங்கள். சாயங்காலம் வருகிறோம்” என்று சைகையில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

முதலில் கண்ணில் பட்டது பாம்புத் தூண். ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்திய வெண்கலத் தூண், மூன்று பாம்புகள் முறுக்கிக்கொண்டு எழும்பியது போல இருக்கும். தலைகள் எந்தக் காலத்திலோ போய்விட்டன. உடம்பு மட்டும் பள்ளத்துக்குள் நிற்கிறது.

மூன்று பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் நின்றார்கள். நின்றார்கள், நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள்.

“எப்பம் எடுக்கும்?” என்றான் இருளப்பன்.

“எது?”

“பாம்புத் தூண் படம் எடுக்கணும்னு பாப்பா சொல்லிச்சே. பாம்பு எப்பம் படம் எடுக்கும்?”

ஆவுடைநாயகம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். “தலையே இல்லையேப்பா. தலை இல்லாம எப்படிப் படம் எடுக்கும்?”

“மூணு பாம்பு இருக்கு. ஒண்ணாவது முயற்சி பண்ணாதா?”

“தலைமை இல்லாட்டா இப்படித்தான். நூறு பேரு முறுக்கிக்கிட்டு நிக்கலாம், ஒருத்தன்கூட சீற முடியாது” என்றார் ஆவுடைநாயகம். இது நல்ல கருத்து. இதைப் பின்னால் ஒரு நோட்டீசில் நாங்கள் பயன்படுத்திக்கொண்டோம்.

பாம்புக்கு ஊக்கம் தேவை என்று முடிவாயிற்று. இருளப்பன் மூக்கைப் பிடித்துக்கொண்டு மகுடி வாசித்தான். கன்னம் புடைக்க, உடம்பு ஆட, தலைத்துண்டு அவிழ வாசித்தான். பல நாட்டுக்காரர்கள் தூணை விட்டுவிட்டு இவனைச் சுற்றி நின்றார்கள். பாம்பு படம் எடுக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் இருளப்பனைப் படம் எடுத்தார்கள்.

“எடுக்குது, எடுக்குது!” என்று ஒருமுறை ஆவுடைநாயகம் கத்தினார். கொம்பையா சட்டென்று போனை உயர்த்தி, திரையைத் தன் பக்கம் பார்க்கப் பிடித்துப் பொத்தானை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். அசைந்தது ஒரு புறா என்று பிறகு தெரிந்தது.

திரையில் தன் மீசை பளிச்சென்று தெரிவதைக் கண்டு கொம்பையா மகிழ்ந்துபோனார். “போனு செஞ்சவன் விவரமானவன்வே. படம் எடுக்கவனும் தன் மூஞ்சியைத் திருத்திக்கணும்னு இந்தப் பக்கம் கண்ணாடி வச்சிருக்கான். கண்ணாடி நமக்கு, கண்ணு எதிர்த்தாப்புல இருக்கதுக்கு.”

“சேந்து நிக்கச் சொல்லிச்சே பாப்பா?” என்றான் இருளப்பன்.

“தலைவர் மூஞ்சிக்குப் பக்கத்துல தொண்டன் மூஞ்சி எதுக்குலே? நீங்க ரெண்டு பேரும் பாம்போட நில்லுங்க.”

இரண்டு பேரும் பாம்போடு நின்றார்கள். கொம்பையா மீசையை முறுக்கினார், அமுக்கினார், மறுபடி முறுக்கினார், மறுபடி அமுக்கினார்.

அடுத்தது ஆயா. வழியில் வருகிறவர்களிடம் எல்லாம், “ஆயா சோபியா, ஆயா சோபியா” என்று கேட்டார்கள். எல்லாரும் ஒரே பக்கம் கையைக் காட்டினார்கள். அங்கே மலை போல ஒரு பழங்காலக் கட்டடம். மேலே மாபெரும் கும்மட்டம், நாலு மூலையிலும் வானத்தைக் குத்துகிற கோபுரங்கள். வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை நின்றது.

இருளப்பன் அண்ணாந்து பார்த்தான். “இதா ஆயா வீடு?”

“சத்துணவு ஆயாவாத்தான் இருக்கணும்” என்றார் கொம்பையா. “இங்கே மரியாதையைப் பாத்தியா? நம்ம ஊரு சத்துணவு ஆயாக்க பென்சன் கேட்டு வருசா வருசம் ரோட்டுல உக்காருதாக. இங்கே ஆயாவுக்கு அரமனை கட்டிக் குடுத்திருக்கான்.”

“வரிசையில நிக்கதெல்லாம் அவங்க சோறு போட்டு வளத்த பிள்ளையளா இருக்கும்” என்றார் ஆவுடைநாயகம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசல் காவலரிடம் போனார்கள். “ஆயா இருக்காங்களா?”

“எவெத்” என்றார் காவலர். துருக்கி மொழியில் அதற்கு ‘ஆமாம்’ என்று பொருள்.

“எவன்னு கேக்காரு. பேரைச் சொல்லுங்க” என்றார் ஆவுடைநாயகம்.

“கொம்பையா, கொட்டாம்பாறை.”

“எவெத், எவெத்.”

“நானு ஆவுடைநாயகம். இவன் இருளப்பன்.”

காவலர் புன்னகை செய்து வரிசையைக் காட்டினார். ஆயா வெளியே வருவதாகத் தெரியவில்லை. அவருக்கென்று கொண்டுபோன கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தைக் காவலர் கையில் கொடுத்து, “கொட்டாம்பாறைத் தோழர்கள் விசாரிச்சாங்கன்னு சொல்லுங்க” என்றார்கள். காவலர் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, மிச்சத்தைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்தார்.

“வீட்டையாவது படம் எடுப்பமா அண்ணாச்சி?” என்றான் இருளப்பன்.

“ஒரு பொம்பளை வீட்டுக்குள்ள இருக்கையில, அவங்களைக் கேக்காம வாசல்ல நின்னு படம் எடுக்கதா? நாம என்ன போலீசா?”

ஆயா வீட்டைப் படம் எடுப்பதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இது முக்கியமான தீர்மானம். மறந்துவிடாதீர்கள்.

ஆயா வீட்டுக்கு நேர் எதிரே, பூங்காவைத் தாண்டி, நீல மசூதி. அது சாம்பல் நிறத்தில் இருந்தது. சாயம் போய்விட்டது, நல்ல நீலமாக இருந்தால் இந்த வெயிலுக்கு ஒரு வருசம்கூட நிற்காது என்று ஆவுடைநாயகம் விளக்கினார். இனிமேல்தான் உண்மையான வேலை ஆரம்பம்: கட்டடம் பின்னாடி வர வேண்டும்.

மசூதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூன்று பேரும் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார்கள்.

“வருதா?”

“வரலை. அங்கேயே நிக்குது.”

இன்னும் கொஞ்சம் நடந்து, சடாரென்று திரும்பினார்கள். வரவில்லை. பராக்குப் பார்ப்பதுபோல நடித்துக்கொண்டே போய் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஓடிப் பார்த்தார்கள். ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து எட்டிப் பார்த்தார்கள். மசூதி அசைகிறதாகத் தெரியவில்லை. மத்தியானம் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்து மூன்று பேருக்கும் கழுத்து பிடித்துக்கொண்டது.

“நம்மளை நம்பலை அது” என்றான் இருளப்பன்.

“எப்படி நம்பும்? முதுகைக் காட்டிக்கிட்டு ‘வா’ன்னா யாரு வருவா?” ஆவுடைநாயகம் கழுத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னார். “நம்ம சங்கத்துக் கொள்கை என்ன? முதுகு காட்டமாட்டோம். கொள்கையை விட்டுட்டோம், அதான் கட்டடம் வரமாட்டேங்குது.”

கொம்பையாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. உடனே மசூதியைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஒரு கையில் போனை முகத்துக்கு நேரே பிடித்தார். மறு கையால் கன்றுக்குட்டியைக் கூப்பிடுவதுபோல, “வா, வா, வா” என்று அழைத்துக்கொண்டே பின்னோக்கி நடந்தார். பின்னோக்கிப் போவதில் அவருக்குப் பழைய அனுபவம் உண்டு. பூங்கா, பூச்செடி, தண்ணீர்த்தொட்டி எல்லாம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். நடுவில் பொத்தானை அமுக்கத் தவறவில்லை. இரண்டு தோழர்களும் எதிரே நின்று, “இன்னும் போங்க அண்ணாச்சி, அசையப் போகுது” என்று தைரியம் சொன்னார்கள்.

அப்போது எள் ஒட்டிய வளைய ரொட்டிகளைத் தட்டில் அடுக்கித் தலைமேல் சுமந்துகொண்டு ஒருவன் குறுக்கே வந்தான். கொம்பையாவின் முழங்கையில் இடித்தான். போன் பிடித்த கை விலுக்கென்று நீண்டது. விரல் பொத்தானில் அமுங்கியது. போனும் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனது.

“வரலைன்னா போகட்டும்” என்றார் கொம்பையா. “வராட்டாலும் படம் நெறைய இருக்கு.”

ஊருக்குத் திரும்பியதும் செண்பகவடிவு ஆசையோடு கையை நீட்டினாள். “காட்டுங்கப்பா.”

“பொதுச்சபையில்தான் வெளியிடணும்னு தீர்மானம் போட்டாச்சு” என்று ஆவுடைநாயகம் தடுத்துவிட்டார்.

மறுநாள் சந்தையே தராசைச் சுற்றிக் கூடிவிட்டது. டீக்கடை டிவியைத் தூக்கிவந்து தேங்காய்க் குவியல்மேல் வைத்தார்கள். செண்பகவடிவு போனை அதோடு இணைத்தாள். ஒரு பக்கம் பிச்சாண்டியும் அவர் ஆட்களும். அவர்கள் பக்கத்தில் ஒரு முக்காலி, ஒரு கிண்ணம், சலூன்காரர் அருணாசலம். கொம்பையா கழுத்தைத் திருப்ப முடியாமல், உடம்போடு சேர்ந்து திரும்பி, கூட்டத்தைக் கும்பிட்டார்.

முதல் படம் வந்தது. மீசை.

இரண்டாவது படம். மீசை, கொஞ்சம் முறுக்கியது.

மூன்றாவது படம். மீசை, நன்றாக முறுக்கியது. இப்படியே மீசையாக வந்துகொண்டிருந்தது. டிவிக்கு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மயிர்தான். ஊரும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை.

“ஐயோ அப்பா” என்றாள் செண்பகவடிவு. “கையை நீட்டாம, மூஞ்சிக்குக் கிட்ட வச்சுல்லா எடுத்திருக்கீங்க!”

பிச்சாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். “துருக்கியும் இல்லை, திருச்சியும் இல்லை. சொன்ன சொல்லு சொன்னதுதான். மீசையை எடும்!”

சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை கொம்பையா. போய் முக்காலியில் உட்கார்ந்தார். அருணாசலம் சோப்பு நுரையை ஒரு பக்கத்து மீசையில் பூசினார். செண்பகவடிவு முகத்தை மூடிக்கொண்டாள். ஏற்றுகிற சங்கத்தார் அத்தனை பேரும் தலையிலிருந்த சும்மாட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள்.

“ஒழுங்குப் பிரச்சினை!” என்று ஆவுடைநாயகம் கையை உயர்த்தினார். “தலைவர் என்ன சொன்னார்? மீசையை எடுத்துடுதேன்னார். அதான் எடுத்திருக்காரே! ஒரு தடவையா, ரெண்டு தடவையா? டிவி பூரா எடுத்திருக்காரு. இனி என்ன எடுக்கணும்?”

கூட்டம் குசுகுசுவென்று பேசிக்கொண்டது. அதில் நியாயம் இருப்பதாகப் பாதிப் பேருக்குத் தோன்றியது.

“எடுக்கதுன்னா சிரைக்கதுவே!” என்று பிச்சாண்டி கத்தினார்.

“அப்பம் படம் எடுக்கதுன்னா? படத்தைச் சிரைக்கதா?”

பிச்சாண்டி அருணாசலத்தைப் பார்த்து, “நீரு போடும்” என்றார். கத்தி மீசைக்கு வந்துவிட்டது.

“நில்லுங்க!” என்று செண்பகவடிவு அலறினாள். கடைசிப் படம் டிவியில் வந்திருந்தது. அதில் கொம்பையா வாயைப் பிளந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். தோளுக்கு மேலே ஒரு தட்டு நிறைய வளைய ரொட்டி. அதற்கும் பின்னால், மாபெரும் கும்மட்டமும் நாலு கோபுரமுமாக, முழுசாக ஒரு கட்டடம்.

“பின்னாடி பாருங்க! ஆயா சோபியா! அப்பா பின்னாடி ஆயா சோபியா வந்திருக்கு!”

சந்தை மொத்தமும் ஒரே நேரத்தில் திரும்பிப் பின்னால் பார்த்தது.

“வந்திருக்கா?” கொம்பையா நுரையோடு எழுந்துவிட்டார். “ஆயா வீடு நம்ம பின்னாடி வந்திருக்கா?”

“மசூதியைக் கூப்பிட்டோம், ஆயா வந்துட்டாங்க!” இருளப்பன் தலையில் அடித்துக்கொண்டான். “மிட்டாய் குடுத்தமில்லா அண்ணாச்சி, பிரியம் வந்துடுச்சு.”

“படத்துலதான் சித்தப்பா” என்றாள் செண்பகவடிவு. யார் காதிலும் விழவில்லை.

ஆவுடைநாயகம் மெதுவாகக் கழுத்தைத் தடவினார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. “அதான் கழுத்து இந்த வலி வலிக்குதா! துருக்கியில புடிச்சது, இன்னும் விடலை. ஏத்தினது தெரியாம ஏத்தியிருக்கோம், தோழர்களே. இறக்காம இருக்கோம். இந்த நிமிசம்வரை சுமந்துக்கிட்டு நிக்கோம்!”

மூன்று பேருக்கும் அப்போதுதான் பாரம் தெரிந்தது. முழங்கால் மடிந்தது. இருளப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, “சீக்கிரம் யாராவது புடிங்க” என்று முனகினான். ஏற்றுகிற சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் உதவிக்கு ஓடினார்கள்.

“எவனும் கை வைக்கப்படாது!” பிச்சாண்டி குறுக்கே பாய்ந்தார். அவர் கண்ணில் பழைய வேலைநிறுத்த நாளின் நெருப்பு தெரிந்தது. “ஏத்தினது நீங்க, சரி. இறக்கது யாரு உரிமை? துருக்கிச் சரக்கா இருந்தாலும் இறக்கது எங்க சங்கம்தான்!”

“துருக்கிச் சரக்குன்னு நீரே ஒத்துக்கிட்டீரா?” என்றார் கொம்பையா, பாரத்தில் குனிந்தபடி.

“ஒத்துக்கிடுதேன்! நகருங்க!”

அருணாசலம் கத்தியை மடக்கிப் பையில் போட்டார்.

பிச்சாண்டியின் ஆட்கள் சும்மாடு கட்டிக்கொண்டு மூன்று பேரையும் சுற்றி வளைத்தார்கள். கையைத் தலைக்குமேல் கொடுத்துத் தாங்கினார்கள். “ஏலே, அந்தப் பக்கத்துக் கோபுரம் கரண்டுக் கம்பியில இடிக்கு, சாய்ச்சுப் புடி!” “கும்மட்டத்துக்கு ஒரு ஆள் வா!” “மெதுவா, ஆயா உள்ள தூங்குவாங்க!” என்று குரல் கொடுத்துக்கொண்டு, அரை மணி நேரம் வேர்த்து விறுவிறுத்து, தராசுக்கும் தேங்காய்க் குவியலுக்கும் நடுவில் இருந்த காலியிடத்தில் அலுங்காமல் இறக்கி வைத்தார்கள். கொம்பையா நிமிர்ந்தார். கழுத்து வலி போயே போய்விட்டது.

பாதி நுரையோடு இருந்த மீசையை அவர் துடைத்து முறுக்கியபோது, பிச்சாண்டி வாயிலிருந்தே, “நல்லா ஏத்தியிருக்கீரு வே” என்ற சொல் வந்தது.

அன்றிலிருந்து சந்தையில் எல்லாரும் அந்தக் காலியிடத்தைச் சுற்றித்தான் போவார்கள். மத்தியானம் ஆயா சாப்பிட்டுப் படுக்கிற நேரத்தில் அந்தப் பக்கம் யாரும் சத்தமாக ஏலம் கூறுவதில்லை.

ஆறு மாதம் கழித்து, விவரம் தெரியாத வெளியூர் லாரிக்காரன் ஒருவன் அந்த இடத்துக்குள்ளேயே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டான். அடுத்த நிமிசம் இரண்டு சங்கமும் ஒன்றாக வேலைநிறுத்தத்தில் இறங்கின. உடைந்த இரண்டு பலகையையும் ஒட்டவைத்துப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். கூலி உயர்வு கேட்டோம், கிடைக்கவில்லை. கழிப்பறை கேட்டோம், கிடைக்கவில்லை. என் அனுபவத்தில் அந்தச் சந்தையில் முழுசாக வெற்றி பெற்ற போராட்டம் இது ஒன்றுதான். லாரிக்காரன் வெறும் இடத்தைப் பார்த்துக் கைகூப்பி, “மன்னிச்சிடுங்க ஆயா” என்றான்.

கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, “ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்களே?” என்று கேட்டான்.

“அவங்களுக்குத் தமிழ் தெரியாதுப்பா” என்றார் கொம்பையா. “வண்டியைப் பின்னாடி எடு. மெதுவா. வாசப்படி இருக்கு.”